மூன்றாவது துளையில் ஒயர் இருக்கிறதா?

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கியில், குமாஸ்தாவாக. இவர் எதற்கு கரண்ட் பற்றிப் பேச வருகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு ஷாக் அடித்தது, அதனால் பேசுகிறேன்.

விடுமுறைக்கு வந்த பேரன், பாகங்களைத் தனித்தனியாக வாங்கி ஒரு கம்ப்யூட்டர் கட்டினான். கடைசியில் கேபினெட் வாங்கக் காசில்லை. "அது அடுத்த மாசம் பாத்துக்கலாம் தாத்தா" என்று எல்லாவற்றையும் என் மேஜைமேல் திறந்தபடியே பரப்பிவிட்டான். கம்ப்யூட்டர் ஓடியது. ஆனால் நடுநடுவே தானாக அணைந்து மறுபடி உயிர் பெற்றது. பவர் சப்ளை பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்றது. "எஸ்எம்பிஎஸ் போச்சு, மாத்தணும்" என்றான்.

டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் லெட்ஜரையே மாற்றுவோமா? ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பார்ப்போம் என்றேன்.

முதலில் பிளக்கைப் பிடுங்கினோம். மதர்போர்டு, அது வந்த வெள்ளி நிறப் பையின் மேலேயே கிடந்தது. அந்தப் பையின் வெளிப்புறம் மின்சாரத்தைக் கடத்தக்கூடும். போர்டின் அடியிலோ எத்தனையோ சாலிடர் முனைகள். பையை எடுத்துவிட்டு அட்டைப்பெட்டிமேல் வைத்தோம். அடுத்தது கிராஃபிக்ஸ் கார்டு. கேபினெட் இருந்தால் அதை ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பார்கள். இங்கே மானிட்டர் கேபிள் இழுத்து, கார்டு சாய்ந்து நின்றது. சரியாக உட்காரவைத்து முட்டுக் கொடுத்தோம். 24 பின் கனெக்டரையும், பிராசஸருக்குத் தனியாக வரும் 12 வோல்ட் கனெக்டரையும் கிளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்தினோம். அதன்பின் அணையவே இல்லை. பயாஸ் திரையில் 12 வோல்ட் லைன் 12.1 காட்டியது. 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருந்தால் போதும். எஸ்எம்பிஎஸ்மேல் குற்றமில்லை.

ஆனால் சுருக் மட்டும் போகவில்லை.

எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவர் விளக்கியது இது: எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிகட்டச் சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை வழியாக மிகச் சிறிய கசிவு உலோகப் பெட்டிக்கு வரும். அது இயல்புதான், எர்த் ஒயர் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். எர்த் இல்லையென்றால் கசிவு பெட்டியிலேயே நிற்கும், தொடுகிறவர் கையில் தெரியும். கேபினெட் இருந்திருந்தால் பெயிண்ட் மறைத்திருக்கும், நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பிறகு மீட்டர் வைத்தார். ஃபேஸ், நியூட்ரல் நடுவே 230ஐ ஒட்டி வந்தது. ஃபேஸ், எர்த் நடுவேயும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். எங்களுக்கோ ஒரு நிலையில் நிற்காமல் ஆடியது. ஸ்விட்ச் போர்டைக் கழற்றினார். மூன்று துளை சாக்கெட்டுக்கு இரண்டே ஒயர்.

அந்தப் போர்டு கட்டியவர் வைத்தது இல்லை. சில வருடங்களுக்கு முன் நானே கூடுதலாக ஒரு பாயின்ட் போடச் சொன்னேன். "எர்த் இல்லாமலும் ஓடும் சார்" என்றார் அன்று வந்தவர். ஒரு ஒயர் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன்.

அதே பாயின்டில்தான் என் மனைவி இஸ்திரி போடுகிறாள். "ஏங்க, பெட்டி சில நேரம் சுருக்குன்னுது" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்! "கை ஈரமா இருக்கும்" என்று பேப்பரிலிருந்து தலைதூக்காமல் பதில் சொன்னவன் நான். கம்ப்யூட்டர் கசிவு சிறியது. இஸ்திரிப் பெட்டியிலோ வாஷிங் மெஷினிலோ ஃபேஸ் ஒயரே பாடியைத் தொட்டுவிட்டால்? எர்த் இருந்தால் அந்த நொடியே எம்சிபியோ ஆர்சிசிபியோ விழும். இல்லையென்றால் 230 வோல்ட்டும் அதிலேயே காத்திருக்கும். அன்றைக்கு எலக்ட்ரீஷியன் மூன்றாவது ஒயரை இழுத்துச் சேர்த்தார். சுருக் போயிற்று. அன்று இரவு அவளிடம், நீ சொன்னது சரி என்றேன்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது நாலு விஷயம்.

ஒன்று, புதிதாகச் சேர்த்த பாயின்ட்களில் எர்த் இருக்கிறதா என்று தகுதியான எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். நீங்களே போர்டைக் கழற்ற வேண்டாம்.

இரண்டு, எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலையே எர்த் பின்னோடு இணைத்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நியூட்ரல் அறுந்தால் பாடி முழுக்க ஃபேஸ் வந்துவிடும். தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் கூடாது.

மூன்று, மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியையும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சார்ஜ் நிற்கும்.

நான்கு, சங்க நிர்வாகிகளுக்கு: நம் எர்த் குழிகளின் ரெசிஸ்டன்ஸை வருடம் ஒருமுறை அளந்து நோட்டீஸ் போர்டில் போடுங்கள். வெயில் காலத்தில் மண் காய்ந்தால் எர்த்தும் பலம் குறையும்.

வீட்டில் யாராவது "சுருக்குன்னுது" என்று சொன்னால், பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள்.