பதின்மூன்றாம் எண்ணும் சிவகாசி வாசகனும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1984ஆம் ஆண்டில் இரண்டு இடங்களில் இரண்டு தொடக்கங்கள் நிகழ்ந்தன. பெல்ஜியத்தின் ‘ஸ்பிரூ’ வார இதழில் ஜான் வான் ஹாமின் கதையும் வில்லியம் வான்ஸின் ஓவியமுமாக ‘XIII’ என்ற சித்திரத் தொடர் வரத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் சிவகாசியில் இருந்து ‘லயன் காமிக்ஸ்’ என்ற மாத இதழ் வெளிவந்தது. அதன் ஆசிரியர் எஸ். விஜயன் அப்போது பதின்பருவத்தைத் தாண்டாதவர். முதல் இதழின் கதை, ‘கத்தி முனையில் மாடஸ்டி’. பீட்டர் ஓடோனல் 1963 முதல் லண்டன் நாளிதழில் பெரியவர்களுக்காக எழுதிவந்த மாடஸ்டி பிளைஸியின் சாகசம் அது. எண்பதுகளின் தமிழ் வாசகன் கையில் முதல் இதழிலேயே இப்படியொரு நாயகியைக் கொடுத்தது துணிச்சலான முடிவு.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1972 ஜனவரியில், ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் வந்துவிட்டது. தந்தை சௌந்தரபாண்டியன் தொடங்கியதை மகன் விஜயன் வேறொரு திசைக்கு வளர்த்தார். தந்தையின் காலத்து வாசகர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். மகனின் காலத்தில் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள், கதைகளும் கூடவே வளர்ந்தன.

சிவகாசியில் இது நடந்ததற்குக் காரணம் உண்டு. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பிறகு வந்த பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிளுக்காக வந்த லித்தோ அச்சு காலண்டர், டைரி, நோட்டு அட்டை என்று பெருகி ஆஃப்செட்டாக வளர்ந்தது. வெடிக்கட்டின் மேல் லட்சுமியையும் குருவியையும் பல வண்ணங்களில் பதித்துப் பழகிய கைகளுக்குச் சித்திரக்கதை அந்நியமான வேலை இல்லை. சிவகாசியைக் ‘குட்டி ஜப்பான்’ என்று நேரு அழைத்ததாக ஊரில் இன்றும் சொல்வார்கள். உழைப்பைப் பார்த்துச் சொல்லப்பட்ட அந்தப் பெயருக்கு, படக்கதைகளின் வழியாகவும் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஜப்பானிலும் சித்திரக்கதை என்பது வளர்ந்தவர்கள் ரயிலில் பிரித்துப் படிக்கும் பண்டம்.

அங்கேயும் ஒரு பதின்மூன்று இருக்கிறான். 1968 அக்டோபரில் ‘பிக் காமிக்’ இதழில் டகாவோ சைட்டோ தொடங்கிய ‘கோல்கோ 13’. கூலிக்குச் சுடும் ஒருவன். அவன் உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது, பிறந்த நாடும் தெரியாது. பேச்சு மிகக் குறைவு. 2020இல் கொரோனா வந்து நிறுத்தும் வரை 52 ஆண்டுகள் இத்தொடர் இடைவெளியின்றி வந்தது. 2021 ஜூலையில் 201ஆம் தொகுதி வெளியானபோது, ஒற்றை மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) தொடரில் அதிகத் தொகுதிகள் என்ற கின்னஸ் சாதனை அதற்குக் கிடைத்தது. அந்த செப்டம்பரில் சைட்டோ மறைந்தார். தாம் இல்லாமலும் தொடர் நடக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் உருவாக்கிய குழு அதை நடத்திவருகிறது.

பெல்ஜியத்துப் பதின்மூன்றாம் எண்காரன் வேறு வகை. கடலோரப் பாறைகளுக்கு இடையே குற்றுயிராக ஒருவன் ஒதுங்குகிறான். தலையில் குண்டுக் காயம். ஒரு முதிய தம்பதி வீட்டுக்குத் தூக்கிச் செல்கிறார்கள். மார்த்தா என்ற மருத்துவர் உயிரைக் காப்பாற்றுகிறார். விழித்தவனுக்குத் தான் யாரென்று தெரியவில்லை. இடது காறை எலும்பின் மேல் பச்சை குத்திய ரோம எண் மட்டும் இருக்கிறது. தம்பதி அவனுக்கு ஆலன் என்று பெயர் வைக்கிறார்கள். சில பக்கங்களுக்குள் அவனைத் தேடி வந்த கொலைகாரர்களால் அந்த இருவரும் சாகிறார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு வந்து சேரும் பெயர்களை எண்ணிப் பாருங்கள்: ஜேக் ஷெல்டன், ஸ்டீவ் ரோலண்ட், ராஸ் டானர், ஜேசன் ஃப்ளை. ஒவ்வொரு பெயரும் ஒரு பாகத்துக்கு உண்மையாக இருந்து, அடுத்த பாகத்தில் உதிர்கிறது. அமெரிக்க அதிபர் ஷெரிடனைச் சுட்டவனின் முகம் அவனுக்கு இருக்கிறது. சுட்டது அவன்தானா? சதிகாரர்கள் இருபது பேர், ஒவ்வொருவருக்கும் ஓர் எண். முதலாம் எண் யார்?

1980இல் வந்த ராபர்ட் லட்லமின் ‘போர்ன் ஐடென்டிட்டி’ நாவலில் இருந்தே இந்தத் தொடக்கம் பிறந்தது. ஆனால் வான் ஹாம் அதை 2007 வரை, 19 ஆல்பங்களுக்கு இழுத்துச் சென்ற விதம் அவருடையது. தமிழில் இதன் பெயர் ‘இரத்தப் படலம்’. எண்பதுகளிலேயே லயனில் தொடங்கி, விட்டு விட்டு வந்தது. ஒரு பாகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் வாசகன் பள்ளியை முடித்து வேலைக்குப் போயிருப்பான். அடுத்த பாகம் வந்ததும் பழைய இதழைப் பரணில் தேடுவான், கிடைக்காவிட்டால் பழைய புத்தகக் கடைக்குப் போவான். மறதிக்காரன் ஒருவனின் கதையை, பாதி மறந்துபோன வாசகன் தொடர்ந்தான். அந்தக் காத்திருப்பைக் குறையாக மட்டும் பார்க்க முடியாது. யார் எந்த எண், எந்தப் புகைப்படம் எங்கே வந்தது என்று பின்பக்கம் புரட்டிச் சரிபார்க்கும் பழக்கத்தைக் கதையே கற்றுக்கொடுத்தது.

2010இல் அவற்றில் 18 பாகங்கள் ஒரே நூலாகக் கறுப்பு வெள்ளையில் வந்தன. 850 பக்கங்களுக்கும் மேல், முன்பதிவு செய்தவர்களை நம்பி அச்சேறிய புத்தகம். கைக்கு அடங்காத கனம். ஆனாலும் அதில் வான்ஸின் கோடு தப்பவில்லை: பனியில் நிற்கும் ஆளின் மேலங்கி மடிப்பையும், ஹெலிகாப்டரின் ஒவ்வொரு ஆணியையும் மையால் மட்டுமே அவர் நிறுத்திக் காட்டுவார். 2018இல் வண்ணப் பதிப்பு வந்தது. நான்கு வண்ணத்துக்கு நான்கு பிளேட். வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரிஜிஸ்டர் ஒரு நூலளவு விலகினால் முகத்தின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். காலண்டரில் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். ஒரு முகம் எவருடையது என்பதே மர்மமாக இருக்கும் கதையில் பொறுத்துக்கொள்ள முடியாது. அந்த ஆண்டு மே மாதத்தில்தான் வான்ஸ் மறைந்திருந்தார்.

இனி தொலைக்காட்சி. 2008இல் இரண்டு பதின்மூன்றுகளும் திரைக்கு வந்தன. ஜப்பானில் ‘கோல்கோ 13’ ஏப்ரலில் தொடங்கி 50 அத்தியாயங்கள் ஓடியது. பிரான்சும் கனடாவும் சேர்ந்து எடுத்த ‘XIII: தி கான்ஸ்பிரசி’ இரண்டு பகுதிகளாக அதே ஆண்டு ஒளிபரப்பானது. ஸ்டீபன் டார்ஃப் நாயகன். வால் கில்மர் அவனைத் துரத்தும் கொலைகாரன். கொல்லப்படும் அதிபரை அதில் பெண்ணாக மாற்றினார்கள். 2011இல் ஸ்டூவர்ட் டவுன்சென்ட் நடிக்கத் தொடராக நீண்டு, 26 அத்தியாயங்களோடு நின்றது.

ஜப்பான் தொடர் பொருந்தி அமைந்ததற்கும் மற்றது தடுமாறியதற்கும் கதையின் கட்டுமானமே காரணம். கோல்கோவிடம் ஒரு வேலை வரும், திட்டமிடுவான், சுடுவான், கதை முடியும். அரை மணி நேரத்துக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல நிற்கும். பதின்மூன்றாம் எண்காரனின் கதையோ ஒரே முடிச்சு. படத்தின் முன் உட்கார்ந்தவர் ஓட்டத்தோடு போயாக வேண்டும். நடுவில் யாரென்று குழம்பினால் திரும்பிப் பார்க்க அந்தக் காலத் தொலைக்காட்சி விடாது. எனவே எழுதியவர்கள் முடிச்சுகளைக் குறைத்து, துரத்தலையும் துப்பாக்கியையும் கூட்டினார்கள். விறுவிறுப்பு இருந்தது. ஆனால் பெயர் ஒன்று உதிரும்போது பக்கத்தில் ஏற்படும் அந்த வெறுமை அங்கே இல்லை. அச்சில் நேரம் வாசகனுக்குச் சொந்தம். ஒரு முகத்தின் மேல் பத்து நிமிடம் நிற்கலாம். ‘இரத்தப் படலம்’ வாசகர்கள் அப்படித்தான் நின்றார்கள்.

திரையைக் குறை சொல்வது நோக்கமன்று. 2003இல் யுபிசாஃப்ட் இக்கதையைக் கணினி விளையாட்டாக்கியபோது, சித்திரக்கதையின் கட்டங்களையும் ஒலிச் சொற்களையும் திரையிலேயே வைத்தார்கள். மூலத்தின் உடலை மதித்த தழுவல் அது. தொலைக்காட்சி கதையை எடுத்துக்கொண்டது, கட்டத்தை விட்டுவிட்டது.

இவ்வளவையும் விருதுநகர் மாவட்டத்தில் பேசுவதற்குக் காரணம் ஒன்று. நாற்பதாண்டுகளாகப் பெரியவர்களுக்கான சித்திரக்கதையைத் தமிழில் தந்துவரும் ஊர் இது. அவை அச்சாவது இங்கே, தைக்கப்படுவது இங்கே. நூலக அலமாரியில் மட்டும் படக்கதை என்றாலே சிறுவர் பகுதிதான் நினைவுக்கு வருகிறது. மாவட்டத்தின் பொது நூலகங்களில் பெரியவர்களுக்கான சித்திரக்கதைக்கென ஒரு தனி அடுக்கு வேண்டும். ‘இரத்தப் படலம்’ போன்ற முழுத் தொகுப்புகளும், ஜப்பானிய மங்காவில் தேர்ந்தவையும் அதில் இருக்க வேண்டும். சிவகாசிக் கிளையில் தொடங்கலாம்.