குதிரைக்குக் கணக்குத் தெரியுமா?



‘உளவியல் ஓர் அறிவியலா?’ என்று எனக்குப் பேசத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இயற்பியல் படித்தவரை நிறுத்தி யாரும் இப்படிக் கேட்பதில்லை. உளவியல் படித்தவரைத்தான் கல்யாண வீட்டில் மடக்குவோம்: “என் மனசுல என்ன இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்!”

1879இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் தொடங்கினார், அன்றைக்கே உளவியல் அறிவியலாகிவிட்டது என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கருவிகளை வாங்கி அடுக்கினால் ஆய்வுக்கூடம் வந்துவிடும், அறிவியல் வந்துவிடாது. அது வந்த இடம் என்று நான் காட்ட நினைப்பது, பெர்லினில் ஒரு வீட்டு முற்றம். ஆண்டு 1904.

அந்த முற்றத்தில் ஹான்ஸ் என்றொரு குதிரை. வளர்த்தவர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கரும்பலகை வைத்து, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோலவே அதற்குப் பாடம் நடத்தினார். பன்னிரண்டில் நாலு போனால் மீதி எவ்வளவு என்று கேட்டால், குளம்பால் எட்டுத் தட்டுத் தட்டி நிறுத்தும். பின்னக் கணக்குப் போடும், தேதி சொல்லும். சரியாகச் சொன்னால் ஒரு துண்டு ரொட்டி, ஒரு கேரட். பார்க்க வந்தவர்களிடம் வாத்தியார் ஒரு காசு வாங்கவில்லை.

ஊரே திரண்டது. ஒரு குழு அமைத்தார்கள், 13 பேர். சர்க்கஸ் நடத்துபவர், விலங்குக் காட்சிச்சாலை இயக்குநர், கால்நடை மருத்துவர் எல்லாம் அதில் இருந்தார்கள். தலைமை உளவியல் பேராசிரியர் கார்ல் ஸ்டும்ஃப். தீர விசாரித்து, செப்டம்பரில் அறிக்கை கொடுத்தார்கள்: இதில் மோசடி எதுவும் இல்லை. வாத்தியார் பக்கத்தில் இல்லாதபோது அந்நியர் கேட்டாலும் குதிரை சரியாகச் சொல்கிறதே!

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? மோசடி இல்லையா, அப்படியானால் குதிரைக்குக் கணக்குத் தெரியும் என்று மாலை போட்டிருப்போம். நம் ஊரில் பாதி அதிசயம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ‘சாமியார் காசு வாங்குவதில்லை, அதனால் அவர் சொல்வது பலிக்கும்’ என்பதும் இதே கணக்குத்தான்.

ஸ்டும்ஃப் அங்கே நிற்கவில்லை. தம் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்டை அனுப்பினார். அவர் செய்ததைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.

வாத்தியார் குதிரையின் காதில் ஓர் எண்ணை ரகசியமாகச் சொன்னார். ஃபுங்ஸ்ட் இன்னோர் எண்ணைச் சொன்னார். இரண்டையும் கூட்டு! இப்போது கூட்டுத்தொகை அங்கே நிற்கும் எந்த மனிதருக்கும் தெரியாது. குதிரை திணறிவிட்டது. விடை தெரிந்தவர் கேட்டால் சரியாகச் சொல்கிறது, தெரியாதவர் கேட்டால் உளறுகிறது. சரி, விடை எப்படி மனிதரிடமிருந்து குதிரைக்குப் போகிறது? ஜட்கா வண்டிக் குதிரைக்குக் கட்டுவார்களே, அந்த மாதிரிக் கண்ணுக்கு மறைப்புக் கட்டினார். கேட்பவர் கண்ணில் படாவிட்டால் ஹான்ஸின் கணக்கு போய்விடுகிறது. தலையைத் திருப்பித் திருப்பி அவரைத் தேடுகிறது. கோபம் வந்து ஃபுங்ஸ்டைக் கடித்தும் வைத்தது.

பிறகு குதிரையை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்க்க ஆரம்பித்தார். கேள்வி கேட்டவர், குளம்பைப் பார்க்க லேசாகக் குனிகிறார். குதிரை தட்டத் தொடங்குகிறது. சரியான எண் வந்ததும் அவர் தலை, அவரே அறியாமல், துளி நிமிர்கிறது, குதிரை நிறுத்திவிடுகிறது. வாத்தியாரின் தொப்பி அகலமான விளிம்புள்ளது. அந்தச் சிறு அசைவையும் அது பெரிதாக்கிக் காட்டியிருக்கிறது!

காரணம் கிடைத்துவிட்டது என்று அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. என் விளக்கம் சரியென்றால், நான் வேண்டுமென்றே தலையை அசைத்து, தப்பான எண்ணிலும் குதிரையை நிறுத்த முடியவேண்டும் என்றார். செய்து பார்த்தார், நின்றது. அப்புறம் ஆய்வுக்கூடத்தில் தாமே குதிரையானார். வந்தவர்கள் மனதில் ஓர் எண்ணை நினைக்க, இவர் கையால் தட்டிக்கொண்டே அவர்கள் தலையைப் பார்த்து, எண்ணைச் சொல்லிவிட்டார். பெரும்பாலோர் தாங்கள் அசைந்ததையே நம்பவில்லை. இதையெல்லாம் 1907இல் புத்தகமாக வெளியிட்டார். வாத்தியார் கடைசிவரை ஏற்கவில்லை. குதிரையை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினார். பொய்யர் அல்ல, பாவம். தம் தலை அசைவது அவருக்கே தெரியாது.

இந்தத் ‘தெரியாது’தான் உளவியலைப் பிடித்து உலுக்கியது. ஆராய்கிறவன் நாணயமானவனாக இருந்தால் மட்டும் போதாது, அவன் கண்ணையும் ஆசையையும் கட்டிப்போட வேண்டும் என்றாகிவிட்டது. 1963இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ரோசன்தால் மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்தார். சிலருக்கு ‘இவை புத்திசாலி வம்சம்’, சிலருக்கு ‘இவை மந்தம்’. உண்மையில் எல்லாம் ஒரே மாதிரி எலிகள். ஆனால் ‘புத்திசாலி’ எலிகள்தான் சிக்கல் பாதையில் வழியை நன்றாகக் கற்றுக்கொண்டன! புத்திசாலி என்று நம்பியவர்கள் எலியைப் பதமாகக் கையாண்டிருக்கிறார்கள். (கணக்கு வராத பிள்ளை என்று முத்திரை குத்தும் ஆசிரியப் பெருமக்கள் யாராவது இருந்தால், இதை எலிக் கதையாகவே எடுத்துக்கொள்ளலாம்.) மருந்துச் சோதனைகளில் எது மருந்து, எது வெறும் மாத்திரை என்பதை நோயாளிக்கு மட்டுமல்ல, மருத்துவருக்கும் மறைக்கிறார்களே, அது இந்த அச்சத்தால்தான்.

“அப்படியானால் உளவியல் முடிவுகள் எல்லாம் சரியா?” என்பீர்கள். இல்லை. 2015இல் உளவியலாளர்களே கூடி, புகழ்பெற்ற இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த முடிவை வெளியிட்டார்கள். தெளிவான விளைவு மறுபடி கிடைத்தது ஏறத்தாழ 36 சதவீதத்தில்தான். செய்தித்தாள்கள் கேலி செய்தன. எனக்கென்னவோ மதிப்புத்தான் கூடியது. ஜாதகம் பார்ப்பவர்கள் கூடி, பொருத்தம் பார்த்து நடத்திவைத்த 100 கல்யாணங்களை எடுத்து, எத்தனை பலித்தன என்று அச்சிட்டதுண்டா?

அதற்குப் பிறகு பல இதழ்கள் ஒரு வழியைக் கையில் எடுத்தன. ஆய்வைத் தொடங்கும் முன்பே கேள்வி என்ன, சோதனை எப்படி, எத்தனை பேர் என்று எழுதி அனுப்ப வேண்டும். கட்டுரையை ஏற்பதா வேண்டாமா என்பதை அந்த நிலையிலேயே முடிவு செய்துவிடுவார்கள். சொன்னபடி ஒழுங்காகச் செய்தால், விடை ‘ஒன்றுமில்லை’ என்று வந்தாலும் அச்சேறும்.