துண்டு துண்டாய்க் கடல் கடந்த வண்டி

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ரயிலே ஓடாத தீவில் ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று இங்கே புதிதாய் வருவோர் கேட்பதுண்டு. கப்பலேறிச் சென்னை சேர்ந்து, அங்கிருந்து மதுரைக்கும் நெல்லைக்கும் செல்லும் நம்மவர்க்கு முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்து சீட்டுக் கொடுப்பவன் நான். மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவனல்லன், எஞ்சினியரும் அல்லன். எனினும் நான்கு ஆண்டுகளாக என் வீட்டு வாசலில் சுத்தியல் ஓசை ஓய்ந்ததில்லை என்பதைக் காலனியார் அனைவரும் அறிவீர்கள். அந்த ஓசைக்குக் காரணம் கூறுமாறு செயலாளர் கட்டளையிட்டமையால் இம்மேடையில் நிற்கிறேன். முதற்கண், பகலில் கண்ணயர முடியாமற் போன தாய்மார்களிடம் மன்னிப்புக் கோருகிறேன்.

என் வாசலில் நின்றது ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் கார். 1966ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. இரண்டு கதவுகள் கொண்டது. பழைய கார் என்றாலே நம்மவர் நாவில் அம்பாசடர்தான் வரும். அதைப் பழித்துப் பேச நான் துணியேன். ஆனால் அம்பாசடர் வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்தது. 2014இல் அங்கேயே முடிந்தது. ஹெரால்டோ நம் சென்னைக்குத் தெற்கே, வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் இடையே, செங்கற்பட்டு ரயில் பாதையை ஒட்டிய ஆலையில் உருவான வண்டி. 1948இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி முதலில் வான்கார்டு வண்டியைச் செய்தது. 1961 முதல் ஹெரால்டைச் செய்தது. சென்னையில் பிறந்த காரைச் சென்னைக்காரரே மறந்துவிட்டார்கள் என்பது என் மனக்குறை.

இவ்வண்டியின் அமைப்பில் ஒரு விசித்திரம் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு வண்டியின் மேலுடலைச் செய்து தந்த நிறுவனத்தை, 1953இல் போட்டிக் கம்பெனியார் வாங்கிவிட்டார்கள். முழு உடலையும் ஒரே கூடாக வார்த்துத் தருவார் இல்லாத நிலை. ஆகவே அடியில் தனியே ஓர் இரும்புச் சட்டம், அதன்மேல் பல இடங்களில் செய்த பகுதிகளைப் போல்ட்டு போட்டு முடுக்குவது என்று திட்டம் செய்தார்கள். இத்தாலிய நாட்டு மிக்கெலோட்டி என்பார் அழகிய உருவம் வரைந்து கொடுத்தார். 1959இல் அங்கே வண்டி வெளிவந்தது. பகுதி பகுதியாய்ப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி அயல் நாடுகளில் பூட்டிக்கொள்வதற்கும் அது வசதியாயிற்று. ஆதியில் சென்னைக்கும் அது அப்படித்தான் வந்தது. முன்பக்கம் முழுவதுமே ஒரு பானெட். அதைத் தூக்கி முன்னே சாய்த்துவிட்டால் டயரின் மேல் அமர்ந்தபடியே எஞ்சினில் வேலை செய்யலாம். வாசலையே பட்டறையாகக் கொண்டவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என் தாய்மாமன் அவ்வாலையில் ஃபிட்டர். இருபது வயதில் சேர்ந்தவர். கதவு பூட்டுவது அவர் வேலை. போல்ட்டு போட்டுச் சேர்த்த வண்டியில் ஒரு பகுதி நூலளவு நகர்ந்தாலும் கதவு சாத்தாது. சாத்தினாலும் இடுக்கு ஒருபுறம் அகன்றும் ஒருபுறம் குறுகியும் இளிக்கும். கீலின் அடியிலும் உடலின் அடியிலும் ஷிம் என்னும் மெல்லிய தகடுகளைச் சொருகிச் சொருகி அதை நேராக்க வேண்டும். அந்த வித்தையில் மாமா கைதேர்ந்தவர். 1979இல் தம் கையால் கதவு பூட்டிய வண்டிகளுள் ஒன்றையே பழைய விலைக்கு வாங்கினார் என்பார். அது உண்மையோ, ஆசையோ, நான் கேட்டதில்லை.

1985இல் அக்கம்பெனியார் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை வெளியிட்டார்கள். உள்ளே இருந்தது வான்கார்டு காலத்து எஞ்சினின் வழிவந்தது. பெட்ரோலை மிகுதியாகக் குடித்தது. ஜனங்கள் மாருதியின்பால் சென்றுவிட்டார்கள். 1988இல் உற்பத்தி நின்றது. அன்று மாமா கருவிப் பையோடு வீடு திரும்பியது சிறுவனாயிருந்த எனக்கு நினைவிருக்கிறது. வண்டியைக் கீற்றுக் கொட்டகையில் நிறுத்தினார். அதன்பின் அதை எடுக்கவேயில்லை.

எனக்கு இத்தீவுக்கு மாற்றல் வந்தபோது, "மருமகனே, எனக்குப் பின் இது காயலான் கடைக்குத்தான் போகும், நீ கொண்டு போ" என்றார். ஓடாத வண்டியை 1,200 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் கொண்டுவருவது எங்ஙனம்? வந்த வழியே செல்லட்டும் என்று போல்ட்டுகளைக் கழற்றினோம். பானெட் ஒரு கட்டு, முன்னுடல் ஒரு கட்டு, பின்னுடல் ஒரு கட்டு, சட்டம் தனி, எஞ்சின் மரப்பெட்டியில். கப்பல் துறையில் இறக்கியபோது அதிகாரி ஒருவர், "முழுக் கார் எங்கே?" என்று நெடுநேரம் தேடினார்.

இனித் துருவின் கதை. இங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. எஞ்சிய நாளில் உப்புக் காற்று. கொட்டகையில் முப்பது ஆண்டுகளில் ஏறாத துரு, வாசலில் ஒரே மழைக்காலத்தில் ஏறியது. அவசரப்பட்டு ஒரு பட்டறையில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். துருவின் மேலேயே பட்டி பூசி, வழவழவென்று வர்ணமும் அடித்துத் தந்தார்கள். மறு மழைக்குள் வர்ணம் அப்பளம் போல் உப்பியது. பட்டி நீரை உறிஞ்சும். உறிஞ்சிய நீர் உள்ளே இரும்பைத் தின்னும்.

பின்னர் ஜங்கிளிகாட்டில் மீன்பிடிப் படகுகளுக்கு வெல்டிங் செய்யும் நண்பர் ஒருவரை அடைந்தேன். "துருவை மூடாதே, வெட்டி எறி" என்பதே அவர் உபதேசம். ஒலிக்கும் இரும்பு நிற்கும், மொத்தென்று கேட்பது போகும் என்று சுத்தியலால் தட்டிக் காட்டினார். தரைத் தகட்டில் பாதி போயிற்று. சட்டத்தின் பக்கக் கைகள் நான்கு போயின. புதுத் தகடு வெட்டி வெல்டிங் செய்து, துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்தோம். துத்தநாகம் தன்னை இழந்து இரும்பைக் காக்கும் இயல்புடையது. படகுகளின் அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவதைக் கண்டு, என் மூளையைச் செலுத்தி அதேபோல் ஒன்றை வண்டியின் அடியிலும் பொருத்தினேன். நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டும் ஓயாமல் நீரில் மூழ்கியிருந்தால்தான் அக்கட்டிக்கு வேலையாம். வண்டிக்குப் பூச்சுதான் பொருந்துமாம். அக்கட்டி இப்பொழுது எங்கள் வீட்டுக் கதவுக்கு முட்டுக்கட்டையாக இருக்கிறது.

மின்சாரத்திலும் புத்தி கொள்முதல் ஆயிற்று. அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளில் பேட்டரியின் நேர்முனையைச் சட்டத்தில் சேர்ப்பார்கள். இக்கால வழக்கம் நேர் எதிரானது. அதை அறியாமல் இணைத்தேன். டைனமோவின் கட்-அவுட் கருகிப் புகைந்தது. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கட்-அவுட் தேடிக் கப்பலில் வரவழைக்க நாலு மாதம் ஆயிற்று. டயருக்கு மட்டும் அலைச்சல் இல்லை. பதின்மூன்று அங்குலச் சக்கரமாதலால் வேகன்-ஆர் டயர் பொருந்திற்று.

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மகளின் செவிலியர் படிப்புக்கென என் இல்லாள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் ரூ.40,000 எடுத்து எஞ்சினுக்குப் பிஸ்டன், ரிங், பேரிங் வாங்கினேன். கேட்டு எடுக்கவில்லை. சேர்க்கை நாள் வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. கடன் வாங்கிப் பணத்தைக் கட்டினேன், மகள் சேர்ந்துவிட்டாள், கடன் இன்னும் தீரவில்லை. மூன்று மாதம் அவர் வாசற்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். சிரிக்கிறாரா என்று இங்கிருந்து தெரியவில்லை.

அவ்வேளையில் இளைஞர் பலர் யோசனை கூறினார்கள்: "பழைய எஞ்சினை வீசுங்கள்; மாருதி எஞ்சின் வையுங்கள்; குளிர்சாதனம் வையுங்கள்." செலவும் குறைவே. என் மகனும் அக்கட்சி. நானும் சபலப்பட்டேன். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவில் கண்ட விவரத்தினின்று வண்டியை மனம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. அன்றியும் 2021இல் வந்த விதியின்படி ஐம்பது ஆண்டு கடந்த வண்டியைத் தொன்மை வண்டி எனப் பதியலாம். சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இருத்தலாகாது. அப்படிப் பதிந்தாலும் அன்றாடம் ஓட்டலாகாது; கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் செப்பனிடவும் பெட்ரோல் போடவும் மட்டுமே.

ஆகவே 948 கன சென்டிமீட்டர் பழைய எஞ்சினே இருக்கிறது. நான் செய்த மாற்றங்கள் சில. துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டுகள் சில இடங்களில் போட்டேன். இருக்கைப் பட்டை வைத்தேன். உளுத்துப்போன டாஷ்போர்டு அட்டைக்குப் பதிலாக, மரக்கடையில் ரசீதுடன் வாங்கிய இத்தீவின் படாக் மரத்தில் பலகை இழைத்தேன். இந்தப் பலகை சரியா தவறா என்று எனக்கும் மாமாவுக்கும் இன்றளவும் வழக்கு. "கம்பெனி வைக்காததை நீ ஏன் வைத்தாய்?" என்பது அவர் கட்சி. "கம்பெனி வைத்த அட்டை இவ்வூர் ஈரத்தில் ஓராண்டு தாங்காதே, மாமா" என்பது என் கட்சி.

எஞ்சின் முதன்முதல் ஓடிய அன்று தொலைபேசியை அதனருகே பிடித்தேன். எண்பது வயது மாமா தாம்பரத்திலிருந்து கேட்டார். பாராட்டுவார் என்று நான் காத்திருக்க, "டேப்பெட் தட்டுகிறது; பத்து தௌ வை" என்றார். பத்து தௌ என்பது அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. கேஜ் வைத்துச் சரிசெய்தேன், ஓசை அடங்கிற்று. அடுத்து, "கதவு எப்படிச் சாத்துகிறது?" என்றார். நான் மௌனமாயிருந்தேன். வலப்பக்கம் ஒருவாறு சாத்தியது. இடப்பக்கமோ மேலே விரல் நுழையும், கீழே காகிதமும் நுழையாது.

மாமா கப்பலேறி வந்தார். வேண்டாம் என்று எல்லாரும் தடுத்தோம், கேட்கவில்லை. மூன்று நாள் கடற்பயணத்தின் களைப்போடு இறங்கியவர், காப்பி அருந்திவிட்டு நேரே வண்டியிடம் சென்றார். கை நடுக்கத்தால் ஸ்பேனரை அவரால் பிடிக்க இயலவில்லை. நாற்காலி போட்டு அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல என் மகன் முடுக்கினான். முதல் நாள் முழுவதும் கீலில் வேலை செய்தோம், பயனில்லை. இரண்டாம் நாள் மாமா கண்ணை மூடிக்கொண்டு இடுக்கின் நெடுக விரலை ஓட்டிப் பார்த்து, "குற்றம் கதவில் இல்லை, பின்னுடல் உட்கார்ந்திருக்கிறது" என்றார். நாங்கள் வெல்டிங் செய்த பக்கக் கைகளில் ஒன்று தாழ்ந்திருந்ததாம். அதன்மேல் இரண்டு ஷிம் வைத்தோம். கதவு சாத்தியது. முப்பது தடவையாவது திறந்து திறந்து சாத்திப் பார்த்தார். எஞ்சின் ஓட்டியும் காட்டவா என்று கேட்டதற்கு, "அது எனக்குத் தெரியும்" என்றார்.

பதிவுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. ஆகையால் வண்டி இன்று தன் காலால் வரவில்லை. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மண்டப வாயிலில் நிறுத்தியிருக்கிறோம். நிகழ்ச்சி முடிந்தபின் குழந்தைகள் ஏறி அமர்ந்து பார்க்கலாம். இடப்பக்கக் கதவை ஓங்கி அறைய வேண்டா. விரலால் தள்ளினாலே சாத்திக்கொள்ளும். மாமா அதன் அருகில்தான் அமர்ந்திருக்கிறார்.