பாம்பு பிடிக்க உத்தரவுச் சீட்டு
(சொற்பொழிவின் சுருக்கம்)

காட்டுப் பிராணியைப் பிடிக்கச் சர்க்கார் சீட்டு எதற்கு என்று சிலர் கேட்கின்றார்கள். 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-வது பிரிவானது ஆராய்ச்சிக்கும், மியூசியத்துக்கும், பாம்பு விஷத்தில் மருந்து செய்வதற்கும் அவ்வித அனுமதியை அளிக்கின்றது. அதிகாரியும் காரணத்தை எழுத்தில் காட்டித்தான் உத்தரவிட வேண்டும். இது நியாயமே. தோலுக்காகப் பாம்புகளைக் கொன்று குவித்த காலத்தை நாம் மறந்துவிடவில்லை.

ஆனால் செங்கற்பட்டுப் பக்கத்து இருளர் தோழர்களைப் பாருங்கள். அவர்கள் 1978-ல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷமெடுத்து, மறுபடியும் காட்டிலேயே விட்டுவிடுகின்றார்கள். அவ்விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து முறிவு மருந்து எடுக்கப்படுகின்றது. எந்த மந்திரம் இதைச் செய்தது? (புற்றுக்குப் பால் வார்ப்போர் கவனிக்கட்டும்.)

இவர்களும் எத்தனை பாம்பு பிடிக்கலாமென்ற உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியவர்களே. சீட்டு வேண்டியதுதான். ஆனால் அது தாமதப்பட்டு மருந்துக்கு விஷம் குறைந்தால், வயலில் கடிபட்ட கூலியாளுக்கு யார் பதில் சொல்வது? ஆகவே உத்தரவைக் காலத்தில் கொடுக்க வேண்டுமென்றும், எண்ணிக்கையை முடிவு செய்யும் இடத்தில் பாம்பைக் கையால் பிடித்தறிந்த இருளர் ஒருவரும் உட்கார வேண்டுமென்றும் கேட்கின்றோம்.