கம்பு பிடித்த கை



பள்ளித் திடலில் சிலம்பம் பழகும்போது புலிக்குட்டி போலப் பாயும் பையன், போட்டிக் களத்தில் இறங்கியதும் மரம்போல நின்றுவிடுகிறான். ஒரு வருடம் படித்த காலடியெல்லாம் எங்கே போயிற்று? "இவன் பயந்தாங்கொள்ளி, இது சரிப்படாது" என்று தகப்பனார் மறுவாரமே பையனை நிறுத்திவிடுகிறார்.

பயம் வருவது குற்றமா? ஆபத்து என்று மூளை நினைத்தவுடன், சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் சுரப்புநீரை இரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, கம்பைப் பிடித்த விரல்கள் இறுகுகின்றன. இறுகிய கையில் கம்பு சுழலாது. அந்த நேரத்தில் அடுத்து எந்த வீச்சு என்று யோசிக்கத் தொடங்கினால், யோசித்து முடிப்பதற்குள் எதிராளியின் கம்பு தோளைத் தொட்டுவிடும்.

பால்மரம் வெட்டும் தாய்மார்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். புதிதாக வேலைக்கு வந்தவள், பின்னால் மண்டோர் வந்து நின்றாலே கத்தியை ஆழமாக இறக்கி மரத்தைக் காயப்படுத்திவிடுவாள். பழகிய கையோ, விடியாத இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், யார் நின்றாலும் பட்டையை அளவாகச் சீவும். 1975 ஜூலையில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகம்மது அலி, ஜோ பக்னரோடு 15 சுற்றுகள் மோதிப் புள்ளிகளில் வென்றார். அவ்வளவு நேரமும் ஒவ்வொரு குத்தையும் யோசித்தா குத்தியிருப்பார்?

ஆனால் ஆளில்லாத திடலில் ஆயிரம் முறை கம்பு சுழற்றினால் மட்டும் போதாது. நல்ல ஆசான் நெருக்கடியையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவார். முதலில் ஒரே அடி, ஒரே தடுப்பு, மெதுவாக. பிறகு வேகமாக. பிறகு எந்தப் பக்கம் அடி வரும் என்று சொல்லாமல். அதன்பின் பழக்கமில்லாத எதிராளியோடு, சுற்றிலும் ஆட்கள் நின்று கூச்சலிட. களத்தில் இறங்குமுன் மூச்சை நீளமாக வெளியே விடச் சொல்வார். படபடப்பு சற்றே அடங்கும், பிடி தளரும்.

பெற்றோருக்கும் வேலை உண்டு. ஓரத்தில் நின்று "அடிடா, விடாதேடா" என்று கத்தாதீர்கள். (பந்து விளையாட்டில் தகப்பன்மார் போடும் சத்தமே கேட்கச் சகிக்கவில்லை.) பிள்ளை ஆசானின் குரலைக் கேட்பதா, உங்கள் குரலைக் கேட்பதா? தோற்று வந்தால், எந்த அடி வந்தபோது கால் நின்றுபோயிற்று என்று மெல்லக் கேளுங்கள். பதிலை ஆசானிடம் சொல்லுங்கள். அடுத்த வாரப் பயிற்சியை அவர் அங்கிருந்து தொடங்கட்டும்.