செவிலி என்ற பெயரும் செவிலியின் வேலையும்



எந்த வரலாற்றை வாசித்தாலும் நாம் கேட்கும் கேள்வி ஒன்று: அழுக்கைத் தொட்டது யாருடைய கை? இங்கிலாந்துக் கிராமப்புறங்களின் வொர்க்ஹவுஸ்களைப் பற்றியும் அதையே கேட்போம்.

1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் இந்த விடுதிகளை நாடெங்கும் பரப்பியது. வேலையற்றவர், முதியவர், நோயாளி எனக் கதியற்றவர்கள் பலர் உதவி கேட்டால் உள்ளே போக வேண்டியிருந்தது. சீருடை அணிய வேண்டும். கணவனும் மனைவியும் பிரிந்திருக்க வேண்டும். அங்கே நோயாளிகளைக் கழுவித் துடைத்தவர்கள் பெரும்பாலும் அதே விடுதியின் ஏழைப் பெண்கள். அவர்களுக்குக் கூலி கிடையாது.

விடுதிவாசிகளைச் செவிலியராக அமர்த்தக் கூடாது என்று 1897இல் அரசு ஆணையிட்டது. நோயாளிகளுக்கு அது நல்லதுதான். ஆனால் சம்பள ஊழியரின் மேற்பார்வையில் ‘உதவியாளர்’ என்று அவர்களை வைத்துக்கொள்ள அதே ஆணை இடம் தந்தது. பெயர் போனது, வேலை போகவில்லை.

1900களின் தொடக்கத்தில் கிராமத்துச் சிறு விடுதியில் சம்பளச் செவிலி ஒருவரோ இருவரோதான். முதியோர், பேறுகாலப் பெண்கள், குழந்தைகள் எல்லோரும் அவர் பொறுப்பு. அவருக்கு மேலே மேட்ரன்: பல இடங்களில் விடுதித் தலைவரின் மனைவி, செவிலிப் பயிற்சி இல்லாதவர். பயிற்சி பெற்றவர்கள் அங்கே வரத் தயங்கினர்.

1919இல் செவிலியர் பதிவுச் சட்டம் வந்தது. செவிலிக்கு அங்கீகாரம் கிடைத்தது. கூலியின்றிக் கழுவிய பெண்ணுக்கு அதில் இடமில்லை.

வர்க்கமும் சாதியும் ஒன்றல்ல என்பதை அறிவோம். ஆயினும் சீர்திருத்தம் என்று எவர் சொன்னாலும், மாறியது பெயரா, கூலியா என்று கேட்போம்.