இடாப்பில் ஓர் இடம்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவிகள் பதிவுக் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பழைய மாணவிகளின் பெயர்களைக் கணினியில் பதியும் பொறுப்பைச் சங்கம் எங்கள் நால்வரிடம் ஒப்படைத்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை நாங்கள் புத்தளத்தில் இருந்தபடியே படித்தவர்கள். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தப் படிப்பு, கொழும்பில் தங்கிப் படிக்க வழியில்லாத எங்களுக்குப் பெரிய வாய்ப்பாக அமைந்தது. அதில் தரவுத்தள முகாமைத்துவமும் ஒரு பாடம். பரீட்சைக்காக அதை மனனம் செய்தோம். விளங்கிக்கொண்டது இந்த வேலையில் இறங்கிய பிறகுதான்.

1970இல் எட்கர் கொட் என்ற கணினி விஞ்ஞானி முன்வைத்த கருத்தே அந்தப் பாடத்தின் அடித்தளம். தகவல்களை அட்டவணைகளாக வைக்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் மற்ற வரிகளிலிருந்து பிரித்தறிய ஓர் அடையாளம் வேண்டும். அதுவே முதன்மைச் சாவி.

எங்கள் முதற் பிழை அங்கேயே நடந்தது. கைப்பேசி இலக்கத்தைச் சாவியாக வைத்தோம். ஒரே வீட்டில் ஒரே இலக்கத்தைப் பாவித்த அக்காவும் தங்கையும் ஒருவராகிவிட்டனர். பெயரை வைக்கலாமா என்றால், எங்கள் ஊரில் எத்தனை பாத்திமாக்கள்! மணமானபின் முதலெழுத்தும் மாறிவிடுகிறது.

அடுத்து தேசிய அடையாள அட்டை இலக்கத்தை யோசித்தோம். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் பிறந்த நாள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்படும். ஜனவரி முதலாம் திகதி பிறந்த பெண்ணுக்கு 501. அழகான ஒழுங்குதான். ஆனால் 2016 முதல் புதிய அட்டைகளில் 12 இலக்கங்கள் வந்துவிட்டன. ஆட்களைப் பதிவு செய்யும் சட்டமே 1968இல்தான் வந்தது. அதற்கு முன் மௌத்தான மூத்தவர்களுக்கு அந்த இலக்கமே இல்லை. ஆகவே சங்கமே ஆளுக்கொரு தொடர் இலக்கம் கொடுத்தது. அதற்கு வேறு அர்த்தம் எதுவும் இல்லை. அதனால் அது ஒருபோதும் மாறாது.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. பிறந்த திகதியும் விடுகைப் பத்திர இலக்கமும் கட்டாயம் என்று வைத்திருந்தோம். அவை இல்லாவிட்டால் கணினி அந்த வரியை ஏற்காது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலானவை எங்கள் மாவட்டத்துக்கே வந்தன. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து எங்களுடன் ஒரே வாங்கில் இருந்து படித்த பிள்ளைகள் பலரிடம் எந்தப் பத்திரமும் இருக்கவில்லை. சிலர் ஒரு வருடம் மட்டுமே படித்தனர். சேர்வு இடாப்பில் அவர்களின் முகவரி "முகாம்" என்று மட்டும் இருக்கிறது. நாங்கள் வைத்த இரண்டு கட்டாயக் கட்டங்கள் அவர்களை வெளியே நிறுத்திவிட்டன. ஏற்கெனவே ஒருமுறை வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள்!

வெறுமைப் பெறுமானம் என்று ஒன்று பாடத்தில் உண்டு. அது பூச்சியம் அல்ல, வெற்றெழுத்தும் அல்ல. "இன்னும் தெரியாது" என்பதற்கான இடம் அது. தெரியாது என்பது இல்லை என்று ஆகிவிடாது. கட்டாயத்தை நீக்கினோம். ஒருவருக்குப் பல பெயர்கள் இருக்கலாம், ஒருவர் பல தடவை வந்து படித்திருக்கலாம் என்பதால் பெயர்களுக்கு ஓர் அட்டவணையும் படித்த காலங்களுக்கு வேறோர் அட்டவணையும் அமைத்து, இரண்டையும் ஆளின் தொடர் இலக்கத்தோடு இணைத்தோம். இப்போது பிறந்த வீட்டுப் பெயரில் தேடினாலும் புகுந்த வீட்டுப் பெயரில் தேடினாலும் அதே சகோதரிதான் வருவார். ஒரு வருடம் படித்தவருக்கும் பதின்மூன்று வருடம் படித்தவருக்கும் ஒரே அளவு வரிதான்.

எந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்குவது என்பது கணினியின் தீர்மானம் அல்ல. யார் எங்களவர் என்று நாங்கள் எடுக்கும் தீர்மானம். இதை நாங்கள் கற்றது எங்கள் பிழையிலிருந்துதான்.

சகோதரிகளே, மண்டப வாசலில் பட்டியல் இருக்கிறது. அதில் பெயரும் படித்த ஆண்டுகளும் மட்டுமே உள்ளன. முகவரியோ தொலைபேசி இலக்கமோ இல்லை. உங்கள் பெயரைப் பாருங்கள். பிறகு உங்கள் வகுப்பில் பக்கத்தில் இருந்தவரின் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால், நினைவில் உள்ளதைச் சொல்லுங்கள். பெயர் மட்டும் தெரிந்தாலும் போதும். வெளிநாட்டில் இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளும் சங்கத்துக்கு எழுதுங்கள். மீதிக் கட்டங்கள் நிரம்பும்வரை காத்திருக்கட்டும்.